பிள்ளைகளை மேடையேற்றித் தூங்க வைக்க வேண்டாம்: நீலகிரி பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு உங்களில் பலரிடம் அந்த நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்கும். வழவழப்பான தாள். ஒரு மூலையில் மின்னல் வெட்டும் மூளைப் படம். நடுவில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர், கண்ணை மூடி நிற்கும் பையனின் நெற்றிக்கு நேராகக் கையை நீட்டியபடி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஹிப்னாடிசம் மூலம் நினைவாற்றல் பெருகும், தேர்வு பயம் ஒரே நாளில் பறக்கும், தலைக்கு 300 ரூபாய், பள்ளியே ஏற்பாடு செய்தால் சலுகை உண்டு. இந்த ஆண்டு அதற்கு ஒப்புதல் தராதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குன்னூரில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறவள். ஹிப்னாடிசம் என் தொழிலில் ஒரு பகுதி. அதைச் செய்து சம்பளம் வாங்குகிறேன். ஆகவே 'எல்லாம் கண்கட்டு வித்தை' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அது வேலை செய்கிற இடம் எது, செய்யாத இடம் எது என்று ஓரளவு தெரியும். பள்ளி மேடை அது வேலை செய்கிற இடம் இல்லை.

போன வருடம் நம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த நிகழ்ச்சியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். அந்த மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. முதலில் எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு கை விரல்களையும் கோத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "இப்போ உன் கை பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிக்கிச்சு. இழு, வராது. எவ்வளவு இழுக்கறியோ அவ்வளவு இறுகும்." நிறையப் பேர் சிரித்துக்கொண்டே கையைப் பிரித்துவிட்டார்கள். சிலருக்கு மட்டும் நிஜமாகவே வரவில்லை, முகம் சிவந்துபோனது. அந்தச் சிலரிலிருந்துதான் பத்துப் பேரை மேடைக்குக் கூப்பிட்டார். வித்தை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் காட்சி.

ஹிப்னாடிசத்துக்கு ஆட்படும் தன்மை ஆளாளுக்கு வேறுபடும். 1959ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் இதை அளக்க ஒரு அளவுகோலே செய்தார்கள். நூறு பேரில் பத்துப் பதினைந்து பேர் சுலபமாக, ஆழமாக ஆட்படுவார்கள். ஏறக்குறைய அதே அளவு பேருக்கு எதுவுமே நடக்காது. மற்றவர்கள் நடுவில். இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி அளந்து பார்த்தபோதும் பெரிதாக மாறவில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளிடம் இந்தத் தன்மை உச்சத்தில் இருக்கும், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கை ஒட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். பார்க்கிற நமக்குத்தான் 'தொட்டதும் எல்லாரும் விழுந்துட்டாங்க' என்று தோன்றுகிறது.

அப்புறம் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மாணவனைப் பாலம் மாதிரி படுக்க வைத்தார். தோள் ஒரு நாற்காலியில், கெண்டைக்கால் இன்னொன்றில். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டால் நீங்களும் நானும் கொஞ்ச நேரம் அப்படிக் கிடக்கலாம், அதற்கு எந்த ஆழ்மனமும் தேவையில்லை. வளர்கிற பையனின் வயிற்றின் மேல் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதுகெலும்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? முன்வரிசையில் தலைமை ஆசிரியரும் இருந்தார், உபயதாரரும் இருந்தார்.

'தூங்கு' என்று அவர் அதட்டினாரே தவிர, மேடையில் இருந்த ஒருவரும் தூங்கவில்லை. ஹிப்னாடிசத்தில் இருக்கிறவரின் மூளை அலைகள் தூங்குகிறவரின் அலைகள் போல இருப்பதில்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும், சுற்றியிருப்பது மங்கலாகிவிடும், சொல்லப்படுகிறதைச் சட்டென்று தர்க்கம் பண்ணாமல் ஏற்கும் மனநிலை இருக்கும். காது கேட்கும், எழுந்து போக வேண்டும் என்று நினைத்தால் போகலாம். ஆனால் தலைமை ஆசிரியர் எதிரில், வகுப்புத் தோழர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, எந்தப் பிள்ளை எழுந்து போகும்?

நிகழ்ச்சி முடிந்ததும் மேடை ஏறாத ஒரு பெண் என்னிடம் வந்தாள். "மேடம், எனக்குக் கை பிரிஞ்சிருச்சு. எனக்கு மனசு பவர் கம்மியா?" பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இது. அவள் அப்பா அம்மா 300 ரூபாய் கட்டி வாங்கிக் கொடுத்தது. இலை பறிக்கிற ஒரு வீட்டில் அது ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி.

இனி நினைவாற்றல் விஷயம். ஹிப்னாடிசம் செய்தால் படித்தது மறக்காது, அதிக மார்க் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆராய்ச்சிகள் கண்டது கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். ஹிப்னாடிசத்தில் இருக்கும்போது ஒருவர் கூடுதலாகச் சில விஷயங்களைச் சொல்கிறார். அவற்றில் சரியானதும் கூடுகிறது, தப்பானதும் கூடுகிறது. இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்கிறார். இந்தக் காரணத்தால்தான் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985ல் இப்படி மீட்டெடுத்த நினைவுகளை நம்ப முடியாது என்று எச்சரித்தது, அங்கே பல மாநில நீதிமன்றங்கள் அத்தகைய சாட்சியத்தை ஏற்க மறுத்தன. தப்பான விடையை முழு நம்பிக்கையோடு எழுத வைக்கிற ஒன்றைத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? முற்பிறவிக்கு அழைத்துப் போகிறேன் என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அதுவும் இதே ரகம், கற்பனைக்கு நினைவின் உடுப்பைப் போட்டுக் காட்டுவது.

ஹிப்னாடிசத்தின் கதை இரண்டரை நூற்றாண்டுக் கதை, அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. வியன்னாவில் படித்த மெஸ்மர் என்ற மருத்துவர் பாரிசுக்கு வந்து, உடம்பில் ஓடும் ஒரு காந்தத் திரவத்தைத் தன் கையால் சரிசெய்கிறேன் என்றார். ஊரே அவர் வாசலில் நின்றது. 1784ல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழு போட்டார். அதில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார், வேதியியல் மேதை லவாசியே இருந்தார். காந்தம் ஏற்றிய மரம் எது என்று சொல்லாமல் ஒரு பையனைத் தோட்டத்தில் கண்கட்டி நடக்க விட்டார்கள். அவன் வேறு ஏதோ மரத்தடியில் மயங்கி விழுந்தான். திரவம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிவிட்டுப் போனது. கற்பனைக்கு இத்தனை பலமா என்று அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

அதைக் கேட்டவர் ஒரு கோவாக்காரர். காண்டோலிம் கிராமத்தில் 1756ல் பிறந்த அபே ஃபரியா என்ற பாதிரியார். பாரிசில் 1813 முதல் கூட்டம் போட்டு, மனதுக்குள் நுழைகிற சக்தி எதுவும் என் கையில் இல்லை, நடப்பதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனதுக்குள்தான் என்று அடித்துச் சொன்னார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது, சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிலையில் அவர் சரிந்து கிடக்கும் ஒரு பெண்ணின் மேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். தன் கையில் எதுவும் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதருக்கு இப்படியொரு சிலை. நம்ம நோட்டீஸ் படத்திலும் அதே கை.

இன்னொன்று வங்காளத்தில். ஹூக்ளியில் இருந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் 1845ல் மயக்க மருந்து எதுவும் இல்லாமல், மெஸ்மர் வழி வந்த மெஸ்மரிசத்தை வைத்தே கட்டிகளை வெட்டி எடுக்க ஆரம்பித்தார். ஈதர் என்ற மயக்க மருந்து அப்போது வரவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய உதவியாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கையால் நீவிவிடுவார்கள். மறுவருடம் அரசு குழு போட்டுப் பார்த்துவிட்டு, கல்கத்தாவில் இதற்கென்று சிறு மருத்துவமனையே கொடுத்தது. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் வந்தது, அடுத்த வருடம் குளோரோஃபார்ம். யார் மேலும் வேலை செய்யும், சில நிமிடத்தில் செய்யும். எஸ்டெய்லின் வித்தை ஓரங்கட்டப்பட்டது, நியாயமான காரணத்துக்காகவே.

பிறகு அது மருத்துவத்துக்குள் திரும்பி வந்தபோது அடக்கமாக வந்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955லும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958லும் பயிற்சி பெற்றவர்கள் கையில் இதற்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டன. இன்றைக்கு இது நன்றாக நிற்கிற இடம் வலி. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992லிருந்து தைராய்டு அறுவை போன்றவற்றைக்கூட ஹிப்னாடிசம், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி, லேசான மருந்து மூன்றும் சேர்த்துச் செய்கிறார்கள். மருந்தை விட்டுவிட்டு இல்லை, மருந்தோடு சேர்த்து. பிள்ளைகளுக்கு ஊசி குத்தும்போது ஏற்படும் வலி, கலக்கம் இரண்டுக்கும் இது உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

நான் செய்வது எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். வீட்டார் சம்மதத்தோடும், அடையாளங்களை மாற்றியும்.

தலைக்குந்தா பக்கத்துப் பையன், பத்து வயது. டைப் 1 சர்க்கரை. ஒரு நாளைக்குப் பல தடவை இன்சுலின் போட்டாக வேண்டும். ஊசியைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். பாட்டிதான் இழுத்துப் பிடித்துப் போடுவார். போட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரும் அழுதிருப்பார்கள். டாக்டர் அவனை என்னிடம் அனுப்பினார்.

முதல் நாள் ஊசியைப் பற்றிப் பேசவேயில்லை. பனிக்காலம், அவர்கள் கேரட் தோட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

"உறைபனி விழுந்த காலையில புல்லைத் தொட்டிருக்கியா?"

"தினம் தொடுவேனே. அள்ளி உருட்டிக்கூட வெச்சிருப்பேன்."

"கை என்ன ஆகும்?"

"மரத்துப்போகும் மேடம். கிள்ளினாக்கூடத் தெரியாது."

அடுத்த முறை வந்தபோது, மேஜை மேல் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். கண் தானாகச் சொக்கி மூடியது. விடியற்காலையில் தோட்டத்து ஓரம் போய் நில் என்றேன். புல் வெள்ளையாக இருக்கிறதா, என்ன சத்தம் கேட்கிறது, வாயிலிருந்து புகை வருகிறதா? அவனே ஒவ்வொன்றாகச் சொன்னான். குனிந்து வலது கையால் அள்ளச் சொன்னேன். மடியில் இருந்த அவன் கை லேசாகக் குவிந்தது. முதலில் சில்லென்று, அப்புறம் குறுகுறுவென்று, அப்புறம் விரல் தன்னுடையதே இல்லாத மாதிரி. "முழுசா மரத்ததும் தலையாட்டு." ஆட்டினான். அந்தக் கையை வலது தொடை மேல் வைத்து, மரத்துப்போனதைத் தொடைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். பென்சில் முனையால் முதலில் இடது தொடையை அழுத்தினேன், வெடுக்கென்று இழுத்தான். வலது தொடையில் அழுத்தினேன், சும்மா இருந்தான்.

மூன்றாவது முறை பாட்டியே இன்சுலின் போட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கேட்டேன், வலித்ததா என்று.

"தெரிஞ்சுது. ஆனா பரவால்ல."

இந்தப் பதிலை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் 1997ல் மாண்ட்ரியலில் ரெயின்வில் என்பவரும் கூட்டாளிகளும் மூளையைப் படம் பிடித்துக் காட்டியது இதைத்தான். கையைச் சுடு தண்ணீரில் வைக்கச் சொல்லி, ஹிப்னாடிசத்தில் 'இது தொந்தரவு குறைவாக இருக்கும்' என்று சொன்னார்கள். சூடு உறைக்கிற பகுதி எப்போதும்போல வேலை செய்தது. அது எவ்வளவு சகிக்க முடியாமல் இருக்கிறது என்பதோடு தொடர்புடைய இன்னொரு பகுதியின் வேகம் மட்டும் மாறியது. பையன் மாண்ட்ரியலைக் கேள்விப்பட்டது கிடையாது. இப்போது என் உதவி இல்லாமலே செய்துகொள்கிறான், சில நாள் பழையபடி அழுகிறானாம், அதுவும் சரிதான். இன்சுலின் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி பயம் போயிற்று, சர்க்கரை போகவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் இன்னொரு பையனால். அவன் பள்ளியையோ, அங்கே வந்து பேசியவரையோ குறிப்பிடப் போவதில்லை. பதினொன்றாம் வகுப்பு, சின்ன வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். ஒழுங்காகச் சாப்பிட்டதால் வருடக்கணக்கில் வலிப்பு வந்ததில்லை. அவன் பள்ளியில் இதே மாதிரி நிகழ்ச்சி. எல்லா நோயும் ஆழ்மனதில்தான் பிறக்கிறது, மாத்திரை மனதைச் சோம்பேறி ஆக்கிவிடும் என்று மேடையில் பேசினார்கள். அவன் மேடை ஏறி நன்றாக 'தூங்கிய' பையன்களில் ஒருவன். அதனால் தனக்கு மனபலம் அதிகம் என்று அவனே முடிவு செய்துகொண்டான். வீட்டில் சொல்லாமல் மாத்திரையைத் தினமும் கழிவறையில் போட்டான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அவனுக்கு வந்தது பஸ் ஏறும் நேரத்தில். படிக்கட்டில் மண்டை மோதித் தையல் போட வேண்டி வந்தது. பஸ் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அவன் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். மேடையில் பேசியவரைத் திட்டுவார் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "ரோட்டுல எவனோ சொல்லியிருந்தா என் பையன் கேட்டிருக்க மாட்டான் மேடம். ஸ்கூல்ல கூட்டிட்டு வந்த ஆளு சொன்னா நம்பாம என்ன செய்வான்?"

நிர்வாகிகளே, இந்த மடலில் நான் சொல்ல வந்தது முழுக்க அந்த அம்மா கேட்ட கேள்வியில் இருக்கிறது. யார் சொல்கிறார், எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பதுதான் ஹிப்னாடிசத்தின் பாதி பலம். வந்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது பள்ளி. மைக்கைக் கொடுத்தது பள்ளி, பொன்னாடை போர்த்தியது பள்ளி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'எல்லாரும் கட்டாயம் கலந்துக்கணும்' என்று அறிவித்ததும் பள்ளி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகளை நாம் பாதி ஆட்படுத்திக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2003 நவம்பர் 25 தேதியிட்ட மத்திய சுகாதாரத் துறையின் உத்தரவு ஒன்று, ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாகப் பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்கிறது. நோட்டீஸ்காரர்கள் இதன் முதல் பாதியை மட்டும் கட்டம் போட்டு அச்சடிப்பார்கள். தகுந்த பயிற்சி என்ற பிற்பாதி காணாமல் போகும். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருந்தால் எந்தப் படிப்பு, எந்தப் பதிவு என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடமும் கேளுங்கள். வலிப்பு, சர்க்கரை இவற்றையெல்லாம் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டப்படி குற்றம். அந்த வரி நோட்டீஸில் இருந்தால் நிகழ்ச்சியை மறுப்பதோடு நிற்காமல் நோட்டீஸையே சுகாதாரத் துறைக்கு அனுப்பலாம். பிரிட்டனில் 1952லேயே மேடை ஹிப்னாடிசத்துக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை வேடிக்கைக்காக மேடையேற்றி ஹிப்னாடிசம் செய்ய முடியாது. சிகிச்சைக்கு அந்தத் தடை கிடையாது. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லாததால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

தேர்வு பயம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. மார்ச் வந்தால் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அடிக்கடி வயிற்று வலியும் மலம் கழிப்பதில் தொந்தரவும் தருகிற, ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome) என்ற குடல் கோளாறுக்கு ஹிப்னாடிசம் உதவும் என்று மான்செஸ்டரில் வோர்வெல் என்ற மருத்துவர் 1984ல் காட்டினார். பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் இப்போது, ஓராண்டு மருந்து சாப்பிட்டும் சரியாகாதவர்களுக்கு யோசிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் முதலில் டாக்டர் பார்க்க வேண்டும், வேறு நோய் இல்லை என்று தெரிய வேண்டும். பதற்றத்துக்கும் அப்படித்தான், பேசிப் பேசிப் படிப்படியாகச் செய்கிற சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துவோம். ஒரு அறை, ஒரு பிள்ளை, வெளியே பெஞ்சில் பெற்றோர். கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் செய்ய எதுவும் இல்லை. இடையில் புகைப் பழக்கம் பற்றியும் கேட்கிறார்கள், அப்பாக்களுக்காக. ஹிப்னாடிசத்தால் விட்டுவிடலாம் என்று உறுதியாகச் சொல்லும் அளவு ஆதாரம் இன்னும் இல்லை.

அந்தப் பணத்தை என்ன செய்யலாம்? முந்தைய வினாத்தாள்களை நகல் எடுத்துக் கொடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தானே எழுதிப் பார்ப்பது திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஒரே நாளில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட அதையே நாலு நாளில் பிரித்துப் படிப்பது நிற்கும். தூக்கம் நிஜத் தூக்கமாக இருக்க வேண்டும். கிண்ணக்கொரை, எடக்காடு பக்கமிருந்து வருகிற பிள்ளைகளைச் சிறப்பு வகுப்பு என்று இருட்டும் வரை வைத்திருந்து, காலையில் முதல் பஸ்ஸுக்கு எழுப்பினால் நினைவாற்றல் எங்கிருந்து வரும்? பஸ் நேரத்தைச் சிறப்பு வகுப்போடு பொருத்திக் கேட்டு ஒரு மனு போடுங்கள், அதற்கு உங்கள் கழகத்தின் லெட்டர்பேடு போதும். பயம் அதிகமான பிள்ளை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆட்களைப் பள்ளிக்கு வரச் சொல்லியும் எழுதலாம்.

நாளை உங்கள் பிள்ளைக்கே ஒரு டாக்டர் ஹிப்னாடிசம் பரிந்துரைத்தால், மேடையில் பார்த்ததை நினைத்துப் பயந்து மறுத்துவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். யாரும் அதிலேயே மாட்டிக்கொண்டு எழாமல் போனதில்லை. பாதியில் விட்டுவிட்டால்கூடத் தானாகக் கண்ணைத் திறந்துவிடுவார்கள். மனதில் உள்ள ரகசியம் கொட்டிவிடாது. பக்கத்தில் இருக்கலாமா என்று கேளுங்கள், எதற்காகச் செய்கிறார்கள், எத்தனை முறை வர வேண்டும், மாத்திரை தொடருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் 'தேவையில்லை' என்று பதில் வந்தால், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்க்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இந்த மாதம் உங்கள் செயற்குழுவில் அந்த நோட்டீஸ் பேச்சுக்கு வந்தால் என்னையும் கூப்பிடுங்கள். கட்டணம் வேண்டாம். நிகழ்ச்சி நடத்துகிறவரையும் அழைத்தால் இன்னும் நல்லது, கை ஒட்டுகிற வித்தையை உறுப்பினர்களான உங்கள் மேலேயே செய்து காட்டுகிறேன், யாருக்கு ஒட்டுகிறது, யாருக்குப் பிரிகிறது என்று நீங்களே பாருங்கள். மஞ்சூர் பக்கத்துப் பள்ளிகள் மட்டும் கூட்டத்தை மூன்று மணிக்கு முன் வைத்தால் எனக்குத் திரும்ப பஸ் கிடைக்கும்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
குன்னூர்.